அமெரிக்க உயர்நிலைப் பள்ளித் தடகளத்தில் நடுவர் முடிவையும் சங்க முடிவையும் எதிர்த்து முறையிடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இன்று பள்ளித் தடகள அணிகளில் ஓடுகிறார்கள், தாண்டுகிறார்கள், எறிகிறார்கள். ஒரு தகுதிநீக்கமோ, 'இந்தப் பருவத்தில் நீ ஓட முடியாது' என்னும் கடிதமோ வரும்போது எங்கே போவது, யாரிடம் கேட்பது என்று பெற்றோர் திகைக்கிறார்கள். அவர்களுக்காகவும், இந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்று அறிய விரும்பும் மற்றவர்களுக்காகவும் இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்பட்டன. இவை பொதுவான விளக்கங்களே. குறிப்பிட்ட வழக்குக்கு அந்தந்த மாநில வழக்கறிஞரின் ஆலோசனை தேவை.

பள்ளித் தடகளத்தில் இறுதி அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

ஒரே இடத்தில் இல்லை. குழப்பம் தொடங்குவதே இங்கேதான். விதிப்புத்தகத்தை எழுதுவது இண்டியானாபொலிஸ் நகரில் இயங்கும் மாநில உயர்நிலைப் பள்ளிச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு. 1920-இல் தொடங்கிய இந்த அமைப்பில் 50 மாநிலங்களின் சங்கங்களும் தலைநகர் வாஷிங்டனின் சங்கமும் உறுப்பினர்கள். ஆனால் யார் ஓடலாம், யார் ஓடக்கூடாது என்று தேசியக் கூட்டமைப்பு தீர்மானிப்பதில்லை. அது மாநிலச் சங்கத்தின் வேலை: கலிஃபோர்னியாவில் சிஐஎஃப், டெக்சாஸில் யுஐஎல், ஓஹயோவில் ஓஎச்எஸ்ஏஏ என்று ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒன்று. போட்டி நாளன்று மைதானத்தில் நடப்பதற்குப் பொறுப்பு போட்டிக் குழு, தலைமை நடுவர், மேல்முறையீட்டுக் குழு ஆகியோருடையது.

ஆகவே தடம் மாறி ஓடியதாகச் சொல்லித் தகுதிநீக்கம் செய்யப்பட்ட மாணவிக்காக இண்டியானாபொலிஸுக்குக் கடிதம் எழுதுவதால் பயனில்லை. அங்கே அந்தக் கடிதத்தைப் பரிசீலிக்கும் அதிகாரமே கிடையாது. வயது வரம்பால் தடுக்கப்பட்ட மாணவனுக்காக மைதானத்துத் தலைமை நடுவரிடம் வாதாடுவதும் அப்படித்தான்.

எந்த முடிவை எதிர்க்கலாம், எதை எதிர்க்க முடியாது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால், இதைப் படியுங்கள். நடுவர் தம் கண்ணால் கண்டதைப் பற்றிய முடிவை எதிர்க்க முடியாது. விதியைத் தவறாகப் பயன்படுத்தியதை எதிர்க்கலாம். தேசியக் கூட்டமைப்பின் விதிகள் இதை வெளிப்படையாகவே சொல்கின்றன: விதிமீறல் நடந்ததா என்பது குறித்த நடுவரின் தீர்மானம், விதியைத் தவறாகப் பயன்படுத்தாத நிலையில் முடிவுக்கோட்டு நடுவர்களும் நேரக் கணிப்பாளர்களும் எடுத்த முடிவு, தொடக்கம் முறையானதா இல்லையா என்ற தீர்மானம் ஆகியவை முறையீட்டுக்கு அப்பாற்பட்டவை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தடத்துக்குள் ஓட வேண்டிய பந்தயத்தில், வளைவில் உட்புறக் கோட்டின் மேலோ அதைத் தாண்டியோ தொடர்ந்து மூன்றோ அதற்கு மேற்பட்டோ அடிகள் வைத்தால் தகுதிநீக்கம் என்பது விதி. வளைவில் நின்ற நடுவர் மஞ்சள் கொடியை உயர்த்தி 'மூன்று அடி' என்று குறிப்பெழுதிக் கொடுத்தார். உங்கள் மகள் 'இரண்டே அடிதான்' என்கிறாள். அவள் சொல்வது முழு உண்மையாகவே இருந்தாலும் முறையீடு எடுபடாது, ஏனென்றால் எத்தனை அடி என்பது கண்ணால் கண்ட தீர்மானம். அதே நடுவரின் குறிப்பில் 'இரண்டு அடி' என்று எழுதியிருந்தும் தலைமை நடுவர் தகுதிநீக்கம் செய்தார் என்றால் அது விதியைத் தவறாகப் பயன்படுத்தியது; அந்த முறையீடு வெல்ல வேண்டிய முறையீடு. தொடர் ஓட்டத்திலும் இதே கதைதான். 4×100 மீட்டர் ஓட்டத்தில் குறுந்தடியைக் கைமாற்றும் பகுதியின் நீளம் 2019 முதல் 30 மீட்டர். பழைய 20 மீட்டர்க் குறியை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் எதிர்க்கலாம். தடி கைமாறியது கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று எதிர்க்க முடியாது.

ஆகவே பயிற்சியாளர் முதலில் கேட்க வேண்டியது 'ஏன் இப்படிச் செய்தீர்கள்?' என்பதன்று. 'எந்த விதியின்படி, உங்கள் குறிப்பில் என்ன எழுதியிருக்கிறது?' என்பதே கேள்வி.

எவ்வளவு நேரத்துக்குள் முறையிட வேண்டும்? யார் முறையிடலாம்?

விதியைத் தவறாகப் பயன்படுத்தியது குறித்த முறையீட்டை, அந்தப் போட்டியின் முடிவு அறிவிக்கப்பட்ட 30 நிமிடங்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். முதலில் தலைமை நடுவரிடம். அவர் மறுத்தால், போட்டிக் குழு நியமித்திருக்கும் மேல்முறையீட்டுக் குழுவிடம். அந்தக் குழுவின் சொல்லே மைதானத்தில் கடைசிச் சொல்.

கூட்டல் பிழை, புள்ளிக் கணக்குப் பிழை, பெயர் மாறிப் பதிவானது போன்ற எழுத்தர் பிழைகளுக்குக் கூடுதல் அவகாசம் உண்டு. போட்டிக் குழு வேறு வரம்பு வைக்காதவரை 48 மணி நேரத்துக்குள் திருத்தலாம். தகுதியற்ற ஒருவர் பங்கேற்றது தெரியவந்தால் எப்போது தெரிந்தாலும் முடிவை மாற்றலாம். பெரிய மாநிலப் போட்டிகளுக்குத் தனிக் குறிப்பேடு வரும். நேர வரம்பும் படிவமும் அதில் இருக்கும்.

பெற்றோர் முறையிட முடியாது. பள்ளியின் சார்பில் பயிற்சியாளரே முறையிட வேண்டும். மகன் வந்து அழுவதைப் பார்த்துப் பார்வையாளர் வரிசையிலிருந்து இறங்கி ஓடுவது இயல்புதான், ஆனால் அந்த அரை மணி நேரத்தில் பெற்றோர் நடுவரோடு வாக்குவாதம் செய்வதால் பயிற்சியாளருக்குக் கிடைக்க வேண்டிய பத்து நிமிடம் வீணாகிறது. பயிற்சியாளர் தொலைவில் ஈட்டி எறியும் இடத்தில் நின்றால், அவரை அழைத்து வருவதே பெற்றோர் செய்யக்கூடிய பெரிய உதவி.

முறையீட்டில் என்ன எழுத வேண்டும்?

விதியின் எண், நடுவர் என்ன கண்டதாகச் சொன்னார், அந்த விதிப்படி முடிவு என்னவாக இருந்திருக்க வேண்டும் என்ற மூன்றும் போதும். மாணவனின் கடின உழைப்பு, பல்கலைக்கழக வாய்ப்பு, எதிரணியின் நடத்தை எதுவும் வேண்டாம்.

கைப்பேசியில் எடுத்த காணொளி இருக்கிறது. அதைக் காட்டினால் மாற்ற மாட்டார்களா?

பெரும்பாலும் பார்க்கக்கூட மாட்டார்கள். பார்வையாளரோ பயிற்சியாளரோ எடுத்த காணொளி அதிகாரபூர்வச் சான்று அன்று. முடிவுக்கோட்டில் பொருத்தப்பட்ட தானியங்கி நேரக் கருவியின் படம் மட்டும் வேறு. யார் முந்தினார் என்பதை அதை வைத்தே தீர்மானிக்கிறார்கள். உங்கள் பிள்ளையின் இடம் தவறாகப் பதிவானதாகத் தோன்றினால் அந்தப் படத்தை மீண்டும் பார்க்கும்படி பயிற்சியாளர் கேட்கலாம். பக்கத்துத் தடத்தில் ஓடியவரின் நேரம் உங்கள் பிள்ளையின் பெயரில் ஏறியிருப்பது போன்ற பிழைகள் இப்படித்தான் வெளிப்படுகின்றன.

2025-இல் கலிஃபோர்னியாவில் வெற்றிக் கொண்டாட்டத்துக்காகத் தங்கத்தை இழந்த மாணவியின் முறையீடு ஏன் தோற்றது?

அந்த ஆண்டு மே இறுதியில் கிளோவிஸ் நகரில் நடந்த மாநில இறுதிப் போட்டியில், 400 மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்த பதினாறு வயது மாணவி, ஓட்டம் முடிந்தபின் தந்தையிடமிருந்து தீயணைப்பான் உருளையை வாங்கித் தன் காலணிகள்மீது பீய்ச்சினாள். 2004-இல் மொரிஸ் கிரீன் என்ற ஒலிம்பிக் வீரர் இதே வேடிக்கையைச் செய்திருந்தார். மாணவி நினைவூட்டியது அதைத்தான். நடுவர்கள் இதை விளையாட்டுப் பண்புக்கு முரணான நடத்தை என்று கொண்டு அவளைத் தகுதிநீக்கம் செய்தார்கள். 200 மீட்டர் இறுதியிலும் அவளால் ஓட முடியவில்லை. முறையீடு செய்தும் சிஐஎஃப் முடிவை மாற்றவில்லை.

என் பார்வையில் தண்டனை குற்றத்தைவிடப் பெரியது. எதிராளியை அவமதிக்காத ஒரு மகிழ்ச்சிக்கு எச்சரிக்கை போதுமானது. ஆனாலும் முறையீடு தோற்றதில் வியப்பில்லை. எது பண்பற்ற நடத்தை என்பதை நடுவரின் தீர்மானத்துக்கு விட்டிருக்கிறது விதி, நடுவர் தீர்மானித்துவிட்டார், அதற்குமேல் விதியில் ஏறுவதற்குப் படி இல்லை. 2013-இல் டெக்சாஸின் கொலம்பஸ் ஊர்ப் பள்ளி அணி 4×100 தொடர் ஓட்டத்தில் வென்றபின், கடைசி ஓட்டக்காரர் கையை வானை நோக்கி உயர்த்தியதற்காகத் தகுதிநீக்கம் பெற்றதும் இதே வகைதான். அது மத நம்பிக்கையின் சைகையா என்று நாடெங்கும் விவாதம் எழுந்தது. ஆனாலும் முடிவு மாறவில்லை.

அப்படியானால் தகுதிநீக்கம் திரும்பப் பெறப்பட்டதே இல்லையா?

உண்டு, மிகத் தெளிவான எடுத்துக்காட்டு தடகளத்துக்கு வெளியே, நீச்சலில் கிடைக்கிறது. 2019 செப்டம்பரில் அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில், பள்ளி கொடுத்த நீச்சலுடையை அணிந்து வென்ற மாணவியை, உடை பொருந்தவில்லை என்று நடுவர் தகுதிநீக்கம் செய்தார். சில நாள்களில் மாநிலச் சங்கம் அந்த முடிவை ரத்து செய்து வெற்றியைத் திருப்பிக் கொடுத்தது. உடை சரியா தவறா என்று வாதாடி அந்த முறையீடு வெல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உடையில் குறை இருந்தால் பந்தயத்துக்கு முன்பே பயிற்சியாளரிடம் சொல்லியிருக்க வேண்டும், நடுவர் அந்த நடைமுறையைப் பின்பற்றவில்லை என்ற அடிப்படையில் வென்றது. கண்ணால் கண்டதோடு மோதாமல், பின்பற்ற வேண்டிய வழியில் விட்டுப்போன படியைக் காட்டுவதே வெல்லும் முறையீடுகளின் பொதுவான அமைப்பு.

தகுதி பற்றிய முடிவுகள் எவை? அவற்றுக்கு வழி வேறா?

முற்றிலும் வேறு. வயது, பள்ளி மாற்றம், வசிப்பிடம், மதிப்பெண், எட்டுப் பருவ வரம்பு (ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து எட்டு அரையாண்டுப் படிப்புப் பருவங்கள் மட்டுமே விளையாடலாம் என்பது) ஆகியவை மைதானத்தில் தீர்வதில்லை. இங்கே நாள்களும் வாரங்களும் இருக்கின்றன. ஆனால் தடகளப் பருவமே சில மாதங்கள்தான் என்பதால் அவையும் விரைவில் தீர்ந்துவிடும்.

பொதுவான பாதை இப்படி இருக்கும்: பள்ளி விண்ணப்பிக்கும், மாவட்டக் குழுவோ சங்க அலுவலகமோ முடிவெடுக்கும், அதன்மேல் மாநில அளவிலான குழுவிடம் மேல்முறையீடு. டெக்சாஸில் பள்ளி மாறிய மாணவர் மீதான கேள்வியை முதலில் விசாரிப்பது அந்த வட்டாரப் பள்ளிகளின் பிரதிநிதிகளே அமர்ந்திருக்கும் மாவட்ட நிர்வாகக் குழு. உங்கள் மகன் எந்தப் பள்ளிகளை எதிர்த்து ஓடப் போகிறானோ அந்தப் பள்ளிகளின் ஆள்களே அவன் ஓடலாமா என்று வாக்களிக்கிறார்கள். இது முறையன்று என்று வாதிடலாம். ஆனால் அந்தப் படியைத் தாண்டாமல் மேலே மாநில நிர்வாகக் குழுவுக்குப் போக முடியாது. இண்டியானாவில் சட்டமே ஒரு மாற்று வழியைத் தந்திருக்கிறது: சங்கத்தின் இறுதி முடிவுக்குப் பிறகு, பெற்றோர் நேரடியாகத் தனிப் பரிசீலனைக் குழுவை அணுகலாம். பெற்றோரின் கைக்கே உரிமை வந்து சேரும் இப்படிப்பட்ட ஏற்பாடு எல்லா மாநிலங்களிலும் இல்லை.

விசாரணைக்குப் போகும்போது இடமாற்றத்துக்கான காரணத்தை ஆவணங்கள் பேச வேண்டும்: வாடகை ஒப்பந்தம், மின் கட்டண ரசீது, வேலை மாற்றக் கடிதம், பள்ளிச் சேர்க்கை நாள். 'விளையாட்டுக்காகவே பள்ளி மாறினார்' என்ற சந்தேகம்தான் பெரும்பாலான வழக்குகளின் மையம். பழைய பயிற்சியாளர் எழுதிய ஒரு வரி அந்தச் சந்தேகத்தைக் கிளப்பவும் தீர்க்கவும் கூடும். டெக்சாஸில் பள்ளி மாறும் மாணவருக்கு முந்தைய விளையாட்டுப் பங்கேற்புப் படிவம் என்று ஒன்று உண்டு. அதைப் பழைய பள்ளியும் நிரப்ப வேண்டும். அதை அலட்சியமாகக் கையொப்பமிட்டு அனுப்ப வேண்டாம்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்து சேர்ந்த பிள்ளைக்கு எந்தச் சிக்கல் வரும்?

குடும்பம் முழுவதும் வேலை நிமித்தம் இடம்பெயர்ந்து வந்திருந்தால் வசிப்பிட விதியில் பொதுவாகச் சிக்கல் வராது. பெற்றோர் ஊரில் இருக்க, பிள்ளை மட்டும் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தால் வரும். அமெரிக்கச் சங்கங்களின் விதிகள் பெற்றோரையும் சட்டபூர்வக் காப்பாளரையும் அறியும், சித்தப்பாவை அறியா.

வயது வரம்பில் இன்னும் கவனம் தேவை. மொழிக்காகவோ பள்ளி ஆண்டு பொருந்தாததாலோ பிள்ளையை ஒரு வகுப்பு கீழே சேர்ப்பது வழக்கம். அப்படிச் சேர்ந்தவர் பன்னிரண்டாம் வகுப்பின் தொடக்கத்தில் பத்தொன்பதை எட்டிவிடலாம். டெக்சாஸ் உட்படப் பல மாநிலங்கள் செப்டம்பர் முதல் நாளை வைத்துப் பத்தொன்பது வயதைக் கணக்கிடுகின்றன. எட்டுப் பருவக் கணக்கும் ஒன்பதாம் வகுப்பில் முதன்முதலாகச் சேர்ந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது. வெளிநாட்டில் படித்த ஒன்பதாம் வகுப்பையும் கணக்கில் சேர்ப்பதுண்டு. சேர்க்கை நாளிலேயே பள்ளியின் விளையாட்டு இயக்குநரிடம் கேட்டுவிடுவது நல்லது. பதினோராம் வகுப்பில் கேட்டால் விதிவிலக்கு விண்ணப்பம் ஒன்றே வழி.

நேராக நீதிமன்றத்துக்குப் போய்ப் பந்தய முடிவை மாற்ற முடியாதா?

பந்தயத்தின் முடிவையா? ஏறத்தாழ முடியாது. 1981-இல் ஜார்ஜியாவில் ஓர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் நடுவர் தண்டனை விதியைத் தவறாகப் பயன்படுத்தினார். கீழ் நீதிமன்றம் ஆட்டத்தை அந்த இடத்திலிருந்து மீண்டும் நடத்தச் சொன்னது. மாநில உச்ச நீதிமன்றம், பள்ளி ஆட்ட நடுவர்களின் முடிவுகளைப் பரிசீலிக்கும் அதிகாரம் நீதிமன்றங்களுக்கு இல்லை என்று சொல்லி அதை ரத்து செய்தது. 2014 நவம்பரில் ஒக்லஹோமாவில் அதே விளையாட்டில் டக்ளஸ் பள்ளி 20-19 என்ற கணக்கில் தோற்றபோதும் இதுவே நடந்தது; நடுவர்கள் விதியைத் தவறாகப் பயன்படுத்தி அந்தப் பள்ளி புள்ளி ஈட்டிய ஒரு டச்டவுனைச் செல்லாததாக்கினார்கள், சங்கம் தவறை ஏற்று மன்னிப்பும் கேட்டது, இருந்தும் நீதிபதி பெர்னார்ட் ஜோன்ஸ் மறு ஆட்டத்துக்கு ஆணையிட மறுத்தார். ஒருமுறை நீதிமன்றம் உள்ளே வந்தால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை ஆட்டமும் திங்கட்கிழமை வழக்காகிவிடும் என்ற கவலை இத்தகைய தீர்ப்புகளுக்குப் பின்னால் இருக்கிறது. தடகளத்துக்கும் அது அப்படியே பொருந்தும்.

ஆனால் சங்கம் அரசியலமைப்புக்குக் கட்டுப்பட்டது என்கிறார்களே?

சரிதான். 2001-இல் பிரெண்ட்வுட் அகாதெமி என்ற தனியார் பள்ளி தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், டென்னசி மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் பெயரளவில் தனியார் அமைப்பாக இருந்தாலும் அரசின் கையாகவே செயல்படுகிறது என்று தீர்ப்பளித்தது. அதன் உறுப்பினர்களில் 84 விழுக்காடு அரசுப் பள்ளிகள் என்பதை நீதிபதி சூட்டர் சுட்டிக்காட்டினார். அதனால் மதம், பேச்சு, சம நடத்தை போன்ற உரிமைகளை மீறினால் சங்கத்தை நடுவண் நீதிமன்றத்துக்கு இழுக்கலாம்.

ஆனால் 2007-இல் அதே வழக்கு மீண்டும் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது அந்தப் பள்ளி தோற்றது. கதவு திறந்தது, உள்ளே போனவர் வெறுங்கையோடு திரும்பினார். பள்ளி விளையாட்டில் பங்கேற்பது அரசியலமைப்பு காக்கும் சொத்துரிமை அன்று என்றே பெரும்பாலான நீதிமன்றங்கள் கருதுகின்றன. கல்வி முழுவதும் உரிமை, அதன் ஒரு பகுதியான ஓட்டப்பந்தயம் தனி உரிமை அன்று என்பது அவற்றின் நிலை. மாநிலச் சட்டப்படி வழக்காடினாலும், 1997-இல் இண்டியானா உச்ச நீதிமன்றம் கார்ல்பெர்க் என்ற நீச்சல் மாணவரின் வழக்கில் சொன்ன அளவுகோலே பொதுவாகக் கிடைக்கும்: சங்கத்தின் முடிவு தான்தோன்றித்தனமானதா என்று மட்டும் பார்ப்போம், சரியா தவறா என்று பார்க்க மாட்டோம். அந்த மாணவரும் தோற்றார்.

மாற்றுத்திறனாளி மாணவர்கள் வென்றிருக்கிறார்களா?

வலுவான வழக்குகள் இந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. டாட்யானா மெக்ஃபேடன் 2004 ஏதென்ஸ் பாராலிம்பிக்கில் சக்கர நாற்காலி ஓட்டத்தில் பதக்கங்கள் வென்றபின் மேரிலாந்தின் ஆதல்டன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். பள்ளி மாவட்டம் அவரைத் தனியாக, வேறு யாரும் இல்லாத தடத்தில் ஓடச் சொன்னது. அவர் பணம் எதுவும் கேட்கவில்லை. மற்றவர்கள் ஓடும்போது தானும் அதே தடகளத்தில் ஓட வேண்டும் என்பது மட்டுமே கோரிக்கை. 2006 ஏப்ரலில் நடுவண் நீதிபதி ஆந்த்ரே டேவிஸ் அதற்கு இடைக்கால ஆணை கொடுத்தார். அடுத்த ஆண்டு, மாநிலப் போட்டியில் தான் பெறும் இடம் அணியின் புள்ளிக் கணக்கில் சேர வேண்டும் என்று மாநில அமைப்பின்மீது வழக்குத் தொடுத்தபோது அதே நீதிபதி மறுத்துவிட்டார். ஓடும் வாய்ப்பு வேறு, புள்ளி வேறு என்று நீதிமன்றம் பிரித்தது. ஆனாலும் 2008-இல் மேரிலாந்து சட்டமன்றம் மாற்றுத்திறன் மாணவர்களுக்கான விளையாட்டுச் சமத்துவச் சட்டத்தை நிறைவேற்றியது. 2013-இல் நடுவண் கல்வித் துறையும் நாடு முழுவதற்கும் வழிகாட்டுதல் வெளியிட்டது.

வயது வரம்பில் நிலைமை மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. மிஷிகனில் கற்றல் குறைபாட்டால் பள்ளியில் பின்தங்கி, பத்தொன்பது வயதில் கடைசி ஆண்டுக்கு வந்த இரண்டு மாணவர்கள் நெடுந்தொலைவு ஓட்டத்திலும் தடகளத்திலும் ஓட அனுமதி கேட்டார்கள். கீழ் நீதிமன்றம் அனுமதித்தது, அவர்கள் ஓடினார்கள். 1995-இல் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் (சில மாநிலங்களைச் சேர்த்த ஒரு வட்டாரத்துக்கான நடுவண் நீதிமன்றம்) சாண்டிசன் வழக்கு எனப்படும் அதில், பருவம் முடிந்துவிட்டதால் ஓட்டம் பற்றிய பகுதி காலாவதியானது என்றும், வயது வரம்பைத் தளர்த்துவது விதியின் அடிப்படையையே மாற்றுவதாகும் என்றும் சொல்லி மாணவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நான்கே ஆண்டுகள் கழித்து, 1999-இல், எல்லைக்கு அப்பால் உள்ள இண்டியானாவில் எட்டுப் பருவ வரம்பைத் தளர்த்தக் கேட்ட கூடைப்பந்து மாணவருக்கு ஏழாவது வட்டார நீதிமன்றம் ஆதரவாகத் தீர்ப்பளித்தது. அந்த ஒரு மாணவரின் நிலையைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்றது. எந்த மாநிலத்தில் வசிக்கிறீர்கள் என்பது வழக்கின் பாதி.

முக்காடு, தலைப்பாகை போன்ற மத அடையாளங்களுக்காகத் தடுத்தால்?

2019 அக்டோபரில் ஓஹயோவில் முக்காடு அணிந்து நெடுந்தொலைவு ஓட்டத்தில் ஓடிய முஸ்லிம் மாணவிக்கு, ஓடி முடித்தபின்தான் தகுதிநீக்கம் தெரியவந்தது. முன்கூட்டியே விதிவிலக்குக் கடிதம் வாங்கவில்லை என்பது காரணம். அதே பருவத்தில் முந்தைய பந்தயங்களில் அவள் அதே உடையில் தடையின்றி ஓடியிருந்தாள். அந்த ஓட்டத்தின் முடிவு மாறவில்லை, ஆனால் அவளும் குடும்பமும் தொடர்ந்து போராடியதன் விளைவாக 2022-இல் ஓஹயோ சட்டமன்றம், மத உடைக்குத் தடை விதிப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை இயற்றியது. உங்கள் மாநிலத்தில் விதி என்ன என்பதைப் பருவத் தொடக்கத்திலேயே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

பெண்கள் பிரிவில் திருநங்கை மாணவியர் ஓடுவது குறித்த வழக்குகள் முறையீட்டைப் பற்றி என்ன சொல்கின்றன?

அரசியல் சூடு மிகுந்த பொருள் இது. இங்கே சட்ட நடைமுறையை மட்டும் சொல்கிறேன். பாலின அடையாளத்தின்படி பங்கேற்க அனுமதிக்கும் கனெக்டிகட் சங்கத்தின் கொள்கையை எதிர்த்து, 2020 பிப்ரவரியில் தடகள மாணவியர் வழக்குத் தொடுத்தார்கள். பழைய பந்தயப் பதிவுகளைத் திருத்த வேண்டும் என்பதும் கோரிக்கைகளில் ஒன்று. 2021-இல் வழக்கு தள்ளுபடியானது, 2022-இல் மேல்முறையீட்டிலும் தோற்றது, ஆனால் 2023 டிசம்பரில் இரண்டாவது வட்டார நீதிமன்றத்தின் முழு அமர்வு வழக்கை மீட்டது: முடிந்துபோன பந்தயத்தின் பதிவைத் திருத்துவதும் ஒரு நிவாரணம் ஆகலாம், ஆகவே வழக்காட அவர்களுக்கு நிலை உண்டு என்றது. கொள்கை சரியா தவறா என்று அந்த அமர்வு தீர்ப்பளிக்கவில்லை. 2025-இல் கலிஃபோர்னியா சிஐஎஃப் வேறு வழியில் போனது; மாநிலப் போட்டிக்குச் சில நாள்களுக்கு முன், திருநங்கை மாணவி தகுதி பெற்ற பிரிவுகளில் கூடுதல் இடங்களையும் பகிர்ந்த பதக்க நிலைகளையும் அறிவித்தது.

இடைக்கால ஆணை கிடைத்துவிட்டால் பிள்ளை ஓடலாம்தானே? அதில் என்ன ஆபத்து?

இரண்டு ஆபத்துகள், இரண்டையும் வழக்கறிஞரிடம் முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டும்.

முதலாவது, பல சங்கங்கள் வைத்திருக்கும் மீட்பு விதி. நீதிமன்ற ஆணையின் பேரில் ஓடிய மாணவருக்கு எதிராகப் பின்னர் மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்தால், அவர் வென்ற புள்ளிகளையும் பதக்கங்களையும் சங்கம் திரும்பப் பெறலாம், பள்ளியைத் தண்டிக்கலாம். இண்டியானா உச்ச நீதிமன்றம் 1997-இல் இந்த விதி செல்லும் என்றது. தொடர் ஓட்டத்தில் இது மற்ற மூவரையும் பாதிக்கும். ஒருவரின் தகுதி விழுந்தால் நால்வரின் பதக்கமும் போகும். அதனால்தான் சில பயிற்சியாளர்கள் ஆணை கையில் இருந்தும் அந்த மாணவரைத் தனி ஓட்டங்களில் மட்டும் இறக்குகிறார்கள். கடுமையாகத் தோன்றினாலும் அது நியாயமான முன்னெச்சரிக்கை.

இரண்டாவது, செலவு. குடிமை உரிமைச் சட்டங்களின்கீழ் வென்றவர் தம் வழக்கறிஞர் கட்டணத்தை எதிர்த்தரப்பிடம் பெறலாம் என்ற ஏற்பாடு உண்டு. ஆனால் 2025 பிப்ரவரியில் லாக்கி எதிர் ஸ்டின்னி வழக்கில் உச்ச நீதிமன்றம், இடைக்கால ஆணை மட்டும் பெற்று, இறுதித் தீர்ப்புக்கு முன் வழக்கு காலாவதியாகிவிட்டால் அவர் வென்றவர் ஆகமாட்டார் என்றது. அது ஓட்டுநர் உரிமம் பற்றிய வழக்கு. ஆனால் பள்ளி விளையாட்டு வழக்குகளின் இயல்பே ஆணை வாங்குவது, பருவம் முடிவது, வழக்கு காலாவதியாவது என்பதால் அடி இங்கே கனமாக விழுகிறது. ஓடியாயிற்று, கட்டணம் மட்டும் உங்கள் கணக்கில் நிற்கிறது என்ற நிலை வரலாம்.

கோடைக்காலக் கழகப் போட்டிகளுக்கும் இவை பொருந்துமா?

பொருந்தா. தேசியத் தடகள அமைப்பு நடத்தும் இளையோர் போட்டிகளும், காலணி நிறுவனங்கள் ஆதரவில் நடக்கும் தேசியப் பந்தயங்களும் மாநிலப் பள்ளிச் சங்கத்தின்கீழ் வருவதில்லை. அவற்றின் விதிப்புத்தகம் வேறு, முறையீட்டு நேரம் வேறு.

தோற்றுவிட்டோம். விதியையே மாற்றக் கேட்கலாமா?

கேட்கலாம், நான் பார்த்தவரை நீதிமன்றத்தைவிட இந்த வழியில்தான் அதிகம் மாறியிருக்கிறது. 2010-இல் தெற்குக் கலிஃபோர்னியாவில் லீக் பட்டத்தைத் தீர்மானிக்கும் போட்டியில், கோலூன்றித் தாண்டிய மாணவி கையில் தோழியர் கட்டிவிட்ட நூல் கயிறு இருந்ததை எதிரணிப் பயிற்சியாளர் சுட்டிக்காட்டினார். ஆபரணத் தடை விதியின்படி அவள் தகுதிநீக்கம் பெற்றாள், பட்டம் எதிரணிக்குப் போனது. விதியை நடுவர் சரியாகவே பயன்படுத்தினார் என்பதால் முறையிட ஒன்றும் இல்லை. ஆனால் நான்கே ஆண்டுகளில் தேசியக் கூட்டமைப்பு தடகளத்தில் ஆபரணத் தடையையே நீக்கிவிட்டது. 2015 பருவத்திலிருந்து காதணியோடும் கயிறோடும் ஓடலாம்.

முன்மொழிவைப் பெற்றோர் நேராகத் தேசியக் கூட்டமைப்புக்கு அனுப்புவதைவிட, பயிற்சியாளர் வழியாக மாநிலச் சங்கத்துக்குக் கொண்டுபோவதே பலன் தரும். தடகள விதிக்குழு ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் கூடுகிறது. அங்கே ஏற்கப்பட்ட மாற்றம் அடுத்த பருவத்தில் நடைமுறைக்கு வருகிறது. முன்மொழிவில் புதிய விதியின் வாசகத்தையே எழுதிக் கொடுக்க வேண்டும், பாதுகாப்புக்கும் செலவுக்கும் அதனால் என்ன விளைவு என்றும் சொல்ல வேண்டும். வசந்தகாலப் போட்டியில் நடந்ததை வைத்து ஜூன் கூட்டத்துக்கு எழுத நினைப்பவருக்கு அந்த ஆண்டுக்கான கெடு பெரும்பாலும் முடிந்திருக்கும். அடுத்த ஆண்டுக்கான கெடுவை மாநிலச் சங்க அலுவலகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.